ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

இந்த அறையின் ஜன்னல் கொக்கி சரியாக விழவில்லை. வெளியிலிருந்து ஒரு மெல்லிய தகட்டை விட்டு நெம்பினால் போதும், சத்தமில்லாமல் திறந்துகொள்ளும். காவல் நிலையத்திலேயே இந்த லட்சணம் என்றால் மற்ற இடங்களைக் கேட்கவே வேண்டாம்.

நீங்கள் எதிரே வந்து உட்கார்ந்தபோது என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது இதுதான், இன்ஸ்பெக்டர் அம்மா. வாய்விட்டுச் சொல்லவில்லை. தம்பி மனைவி செத்துப்போயிருக்கிறாள், தம்பியை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள்; இந்த நேரத்தில் கொக்கியைப் பற்றிப் பேசுகிறவளை யாராயிருந்தாலும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். ஆனால் எனக்கு அது பழகிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் கண் முதலில் தாழ்ப்பாளுக்குப் போகும். அப்புறம்தான் மனிதர்களின் முகத்துக்கு வரும்.

அவசரமில்லை என்றால் நிதானமாகவே சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற புதிதில் கழுத்தில் விசில் இல்லாமல் என்னவோபோல் இருந்தது. கழுத்து லேசாகி, தலை தனியாகக் கழன்று பறந்துவிடுமோ என்று தோன்றும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பியும் அவன் மனைவியும் எதிர்வரிசையில் நாலைந்து வீடு தள்ளி இருந்தார்கள். அவர்களைத் தவிர எனக்கு வேறு நாதியில்லை. அந்தச் சமயத்தில்தான் தெருவில் வரிசையாகத் திருட்டு நடந்தது. சைக்கிள் போனது, தண்ணீர் மோட்டார் போனது. ஒரு வீட்டில் வாசல் கதவின் பித்தளைக் கைப்பிடியைக்கூடக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த வீட்டுக்காரர் உள்ளேயிருந்து வெளியே வர முடியாமல் ஜன்னல் வழியாகத் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பேங்க் சார் வீட்டு மொட்டைமாடியில் எல்லாரும் கூடினோம். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் குடிப்பதற்குக்கூடத் தீர்மானம் நிறைவேற்றக்கூடிய மனிதர். நம் தெருவை நாமே காப்போம் என்று அன்றைக்கே தீர்மானம் போட்டார். யார் பொறுப்பேற்பது என்ற பேச்சு வந்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“டீச்சர்தான் சரி,” என்றார் தம்பியின் பக்கத்து வீட்டு டெய்லரம்மா. “அவங்க ஒரு பார்வை பார்த்தா திருடன் தானா வந்து வரிசையில நிப்பான்.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு யாரோ என்னிடம் ஒரு வேலையைக் கொடுத்திருந்தார்கள்.

வீட்டுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தேன். பிளாஸ்டிக் இல்லை, மைதானத்தில் நான் பயன்படுத்திய அதே உலோக விசில். போனில் ஒரு குரூப் ஆரம்பித்தோம். சாயங்காலங்களில் இரண்டு பேராகச் சேர்ந்து தெருவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தோம். வெளியூர் போகிறவர்கள் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். நான் விளக்கு போட்டு அணைப்பேன், வாசலில் விழுந்த பேப்பரை எடுத்து வைப்பேன். ஆபத்து என்றால் விசிலை நீளமாக, விட்டு விட்டு ஊத வேண்டும். கேட்டவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வர வேண்டும். ஒருமுறை பேங்க் சார் வீட்டு கேட் ஏறிக் குதித்த ஒருவனை மொத்தத் தெருவும் சூழ்ந்து பிடித்தோம். பார்த்தால் அவருடைய சொந்த மாப்பிள்ளை. மாமனாரைத் தூக்கத்தில் எழுப்ப வேண்டாமே என்று ஏறினாராம். “பரவாயில்ல மாப்பிள்ளை, சிஸ்டம் வேலை செய்யுது,” என்று அவர் தோளைத் தட்டிக் கொடுத்தார் பேங்க் சார். அந்த மாப்பிள்ளை அதற்குப் பிறகு போன் பண்ணாமல் வந்ததே கிடையாது.

திருட்டு நின்றுவிட்டது. நீங்கள் இந்த ஸ்டேஷனுக்கு மாற்றலாகி வந்ததும் எங்கள் கூட்டத்துக்கு வந்து, மற்ற தெருக்களுக்கு இது முன்மாதிரி என்று சொன்னீர்கள். நான் அன்றைக்கு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். இதையும் சொல்லிவிடுவது நல்லது என்று நினைக்கிறேன்.

திருட்டு நின்றால் விழிப்பும் நின்றுவிடும் என்பது என் அனுபவம். அதனால் மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை வைத்தேன். எந்த வீடு, எந்த நாள் என்பது எனக்கும் அந்த வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும். அவர்கள் ஊதுவார்கள், தெரு திரண்டு வரும், நான் கையைத் தூக்கி ‘ஒத்திகை’ என்பேன், எல்லாரும் கலைவார்கள். முதலில் உற்சாகமாக வந்தவர்கள் போகப் போக முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

“அடுப்புல வெச்சதை விட்டுட்டு மூச்சிரைக்க ஓடி வந்தா, சும்மா ஒத்திகைங்கறீங்க,” என்றார் டெய்லரம்மா. “இதுக்குத் திருடனே தேவல டீச்சர். அவனாவது கொழம்பைத் தீய விடமாட்டான்.”

பேங்க் சார் இதற்கும் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். ஒத்திகை நாளில் விசில் கேட்ட உடனேயே நான் குரூப்பில் ‘ஒத்திகை’ என்று போட்டுவிட வேண்டும். யாரும் வெளியே வர வேண்டாம். விசில் காதில் விழுந்ததற்கு அடையாளமாக ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டால் போதும். எல்லாரும் கைதட்டினார்கள். மைதானத்துக்கு வராமலே வருகைப்பதிவு கேட்கிற பிள்ளைகளைப் பார்த்தவள் நான், இருந்தாலும் ஒத்துக்கொண்டேன்.

எழுந்து கேள்வி கேட்டது தம்பி மனைவி ஒருத்திதான். அவள் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். நான் குரூப்பில் போடுகிற செய்திகளில் ஒற்றுப்பிழை இருந்தால் எனக்குத் தனியாகத் திருத்தி அனுப்புவாள், கூடவே நாக்கை நீட்டுகிற ஒரு பொம்மை முகத்தையும் அனுப்புவாள்.

“அண்ணி, அப்ப நெஜமா ஒருத்தர் ஊதினா?” என்று கேட்டாள். “எல்லாரும் முதல்ல போனைத்தானே பாப்பாங்க?”

“நெஜமா ஊதினா நான் எதுவும் போட மாட்டேன். அதான் வித்தியாசம்.”

“அப்ப எல்லாம் உங்க விரல்லதான் இருக்குன்னு சொல்லுங்க.”

அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் சிரித்தான்.

தம்பியைப் பற்றி நீங்கள் தெருவில் விசாரித்திருப்பீர்கள். யாரும் ஒரு குறையும் சொல்லியிருக்க மாட்டார்கள். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். தெருக்காரர்கள் யார் போனாலும் மூக்குத் தாங்கியைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுப்பான், கண்ணாடியைத் துடைத்து, ஊதி, அவர்கள் முகத்தில் அவனே மாட்டிவிடுவான். வெளியில் அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. நான் கேட்டிருக்கிறேன்.

முதலில் கேட்டது ஒரு சாயங்கால நடையின்போது. என்னுடன் டெய்லரம்மா வந்துகொண்டிருந்தார். தம்பி வீட்டை நெருங்கும்போது உள்ளே ஏதோ விழுந்த சத்தம், அதற்குப் பிறகு அவள் குரல். கத்தல் என்று சொல்ல முடியாது. கதவிடுக்கில் விரல் மாட்டிக்கொண்டால் வருகிற சத்தம் போல ஒன்று. நான் தெருவின் எதிர்ப்பக்கம் கையை நீட்டி, “அந்த வண்டி யாருது? ரெண்டு நாளா நிக்குதே,” என்றேன். டெய்லரம்மா வண்டியைப் பார்க்கப் போனார். பிறகு வந்த சாயங்காலங்களில் அந்த வீட்டை நெருங்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்தில் எனக்கு ஏதாவது தென்பட்டது. திறந்து கிடக்கிற சாக்கடை மூடி, தெரியாத செருப்பு, அணையாத விளக்கு. ஒரு தெருவுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறவளால், எங்கே பார்க்கக் கூடாது என்பதையும் வாய் திறக்காமலே சொல்லிக் கொடுக்க முடியும். அதை அப்போது நான் இவ்வளவு தெளிவாக நினைத்துப் பார்க்கவில்லை.

அவளே ஒருநாள் என் வீட்டுக்கு வந்தாள். வலது கைச் சுட்டுவிரல் வீங்கியிருந்தது. பேனா பிடிக்க முடியவில்லை, அதனால் அச்சகத்துக்கு லீவு போட்டிருந்தாள். சமையலறை வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, நான் காபி கலப்பதைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“என்ன ஆச்சுன்னு கேக்க மாட்டீங்களா அண்ணி?”

“கதவுல மாட்டிக்கிட்டியா?”

“ஆமா. உங்க தம்பிங்கற கதவுல.”

அவள் பேச்சே அப்படித்தான். அழ வேண்டிய இடத்தில் ஒரு கிண்டலைச் சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்ப்பாள். நான் டம்ளரை அவளிடம் நீட்டினேன். இடது கையால் வாங்கிக்கொண்டாள். வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று பார்க்கிறேன், கொஞ்ச நாள் இங்கே உங்களுடன் இருக்கலாமா என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். அவள் என் வீட்டுக்கு வந்து தங்கினால் மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஏன், எதற்கு என்று கேட்பார்கள். சாவியையெல்லாம் நம்பி என்னிடம் கொடுக்கிறவர்கள். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. “அவனுக்குக் கடைல நெருக்கடி. நான் பேசிப் பாக்கறேன்,” என்றேன். பேசவில்லை. பேசுவதாகப் பலமுறை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அவன் தலையைக் குனிந்துகொண்டு, “நீயுமாக்கா?” என்று கேட்பதோடு அது முடிந்துவிடும்.

எங்கள் அப்பாவுக்கும் அம்மா மேல் கை நீளும். அவர் குரல் ஏற ஆரம்பித்ததும் தம்பி கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். தெருப்பக்க ஜன்னல்களைச் சாத்துவது என் வேலை. ஓடி ஓடிச் சாத்துவேன், சத்தம் வராமல் கொக்கி போடுவேன். அம்மாவைப் போய்த் தடுக்க வேண்டும், அவருக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெளியே தெரியாமல் இருந்தால் பாதி நடக்காத மாதிரி என்று அப்போது நினைத்தேன். இதைக் காரணமாகச் சொல்லவில்லை. நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பதால் சொல்கிறேன்.

அவள் காபியைக் குடித்து முடித்துப் புறப்படும்போது, வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று எனக்கு இருந்தது. அதனால் ஒன்று சொன்னேன்.

“ரொம்ப மீறிப் போச்சுன்னா விசிலை ஊதும்மா. நான்தான் முதல் ஆளா வந்து நிப்பேன்.”

அவள் செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நிமிர்ந்து பார்த்தாள். அந்த முறை கிண்டல் எதுவும் வரவில்லை.

“குரூப்ல எதுவும் போட மாட்டீங்கல்ல அண்ணி?”

“போட மாட்டேன்.”

சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஒரு பிரச்சினைக்கு முறையான ஏற்பாடு செய்துவிட்ட நிம்மதி. மதியம் நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்த வாரம் உங்கள் மேலதிகாரி வந்து எங்கள் தெருவுக்கு ஒரு விருது தருவதாக இருந்தது. நீங்கள்தான் சிபாரிசு செய்திருந்தீர்கள். சாப்பாட்டுக்குப் பிறகான நேரம், தெருவே மின்விசிறிக்கு அடியில் படுத்துக் கிடந்தது. நான் விருதுக் கூட்டத்தில் பேச வேண்டியதை ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது விசில் கேட்டது.

இதைக் கவனமாகக் கேளுங்கள். ஆயுள் முழுக்க விசில் சத்தத்தோடு வாழ்ந்தவள் நான். மைதானத்தின் மறுகோடியில் முகம் தெரியாமல் ஒரு பிள்ளை ஊதினாலும், யார், எந்த நிலையில் ஊதுகிறது என்று சொல்லிவிடுவேன். விளையாட்டுக்கு ஊதுகிறவர்கள் கன்னத்திலிருந்து ஊதுவார்கள், சத்தம் உருண்டையாக வரும். ஓடிக் களைத்தவர்கள் ஊதினால் நுனியில் நடுங்கும். ஒத்திகைக்கு ஊதுகிறவர்களுடையது எப்போதும் கொஞ்சம் வெட்கப்பட்டுத்தான் ஆரம்பிக்கும். அன்றைக்குக் கேட்டது அடிவயிற்றிலிருந்து வந்தது. நீளமாக எழும்பி, பாதியில் அறுந்தது. மூச்சு முட்டி நின்ற மாதிரி இல்லை. வாயிலிருந்து தட்டிவிட்ட மாதிரி.

எந்த வீடு என்று நான் எட்டிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அந்த மாதத்து ஒத்திகை ஏற்கெனவே முடிந்துவிட்டது. அதையும் தெருவில் எல்லாரும் மறந்துபோயிருந்தார்கள்.

டெய்லரம்மா வீட்டுக் கதவு திறந்தது. கழுத்தில் அளவு நாடாவோடு கேட் வரைக்கும் வந்துவிட்டார். எதிர்வரிசையில் வேறொரு கதவும் திறந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தெரு திரண்டிருக்கும். தம்பி வீட்டுக்குள் போயிருப்பார்கள். அவளையும் அவனையும் பார்த்திருப்பார்கள், பிறகு திரும்பி என்னைப் பார்த்திருப்பார்கள். நான் போனை எடுத்தேன். ‘ஒத்திகை. யாரும் வெளியே வர வேண்டாம். நன்றி.’ என்று தட்டினேன். ஒற்றுப்பிழை ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினேன்.

அனுப்பும்போது எனக்குள் ஒரு காரணம் தயாராக இருந்தது. விசில் கேட்டதுமே தம்பி பயந்து நிறுத்திவிடுவான். அவள் தப்பித்துவிடுவாள். விஷயமும் வெளியே போகாது. இரண்டு பேருக்கும் நல்லது. அப்படித்தான் நினைத்தேன், அல்லது அப்படி நினைப்பதாக என்னிடம் நானே சொல்லிக்கொண்டேன்.

டெய்லரம்மா போனைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் ஜன்னலைப் பார்த்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொள்கிற மாதிரி பாவனை செய்து, சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். எதிர்வரிசைக் கதவும் சாத்திக்கொண்டது. குரூப்பில் கட்டைவிரல்கள் வரிசையாக வந்து விழுந்தன.

கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. நான் சொன்னேனே, நிறுத்திவிட்டான் என்று நினைத்தேன். பிறகு விசில் மறுபடியும் கேட்டது. இந்த முறை சின்னதாக, சின்னச் சின்னதாக, ஊதத் தெரியாத குழந்தை ஊதுவது போல. என் உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. பேங்க் சார் எழுதியிருந்தார்: ‘இந்தத் தடவை ரொம்பத் தத்ரூபம். சபாஷ்.’

நான் அதற்குக் கைகூப்புகிற படம் ஒன்றைப் பதிலாகப் போட்டேன். விசில் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க முடியவில்லை என்று சொல்ல ஆசைதான். கால்கள் நன்றாகத்தான் இருந்தன.

தம்பி பின்வாசல் வழியாக வந்தான். வந்து என் சமையலறைத் தரையில் உட்கார்ந்தான். “அக்கா, அவ மாடிப்படில விழுந்துட்டா,” என்றான். நான் அவளுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. நான் முதலில் கேட்டது, “விசில் எங்க?” என்பதுதான். அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். குழாயடியில் வைத்துக் கழுவினேன். துளைக்குள் தண்ணீர் போய்ச் சின்னதாகக் களகளத்தது. நன்றாகத் துடைத்து என் மேஜை டிராயருக்குள் வைத்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். நீங்கள் அதை இன்று எடுத்துவரச் சொன்னால் எடுத்துத் தருகிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் எதுவும் செய்யவேண்டியிருக்கவில்லை. தெருவே செய்தது. அந்த மாதம் ஒத்திகைக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தேன், மொட்டைமாடியில் நின்று ஊதிவிட்டு வேகமாக இறங்கும்போது கால் இடறிவிட்டது என்று அவர்களே பேசிக்கொண்டார்கள். நான் இல்லை என்று சொல்லவில்லை. பேங்க் சார் இரங்கல் கூட்டம் நடத்தினார். ‘தெருவின் காவல் பணியில் உயிர் நீத்தவர்’ என்று தீர்மானம் வாசித்தார். அவள் படத்தை அறிவிப்புப் பலகையில் நிரந்தரமாக மாட்டுவதென்று முடிவு செய்தார்கள். என்னைப் பேசச் சொன்னார்கள். பேசினேன். விழிப்பாக இருந்தவள் என்று சொன்னேன். அவள் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்ததும் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“போன்ல பேசும்போதெல்லாம் உங்களைப் பத்தித்தான் சொல்லுவா. அண்ணி இருக்காங்கம்மா, எனக்கென்ன பயம்னு சொல்லுவா,” என்றார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் கைகளைப் பார்த்தேன். கழுவலாமா என்று தோன்றியது. கழுவவில்லை. அதற்குப் பிறகு பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தால் என் விரல்கள் தானாகப் போனைத் தேடுகின்றன. சாயங்கால நடையை விட்டுவிட்டேன். உடம்பு சரியில்லை என்றேன். டெய்லரம்மா தினமும் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறார். அவர் கேட் வரைக்கும் வந்தவர். என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். அன்றைக்குக் கேட்டது நிஜ விசில் என்று அவருக்குத் தெரியாது. தெரியும் நாளில் அவர் எப்படித் தூங்குவார் என்று நினைத்தால் எனக்கு அவர் கொண்டுவந்த சாப்பாடு இறங்குவதில்லை.

பிரேதத்தைப் பரிசோதித்த டாக்டர் சந்தேகப்பட்டதால் நீங்கள் தம்பியைக் கைது செய்த அன்று காலைதான் அவன் என்னிடம் அதைச் சொன்னான். நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால். தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அவன் என் பின்னால் நின்று பேசினான்.

“முதல் தடவை ஊதினதும் பயந்துட்டேன்க்கா. கையை எடுத்துட்டேன். கதவைத் திறந்துவிடலாம்னுகூடப் போனேன். அப்பத்தான் போன் அடிச்சுது. பாத்தா, நீ ஒத்திகைன்னு போட்டிருந்த.”

நான் திரும்பவில்லை.

“யாரும் வரப் போறதில்லைன்னு தெரிஞ்சுபோச்சு,” என்றான். பிறகு, சின்ன வயதில் கட்டிலுக்கு அடியிலிருந்து கேட்பானே, அந்தக் குரலில் கேட்டான்: “நீ ஏன்க்கா போட்ட?”

ஆக, நான் நினைத்தது சரிதான், இன்ஸ்பெக்டர் அம்மா. விசில் கேட்டதும் அவன் நிறுத்தித்தான் இருந்தான். அவளும் அந்த நொடியில் தப்பித்துத்தான் இருந்தாள். அவனுக்கு மறுபடியும் அனுமதி கொடுத்தது என் செய்தி. இரண்டாவது விசிலை அவள் தெருவுக்காக ஊதியிருக்க மாட்டாள். குரூப்பில் நான் போட்டதை அவளும் பார்த்திருப்பாள். என் ஒருத்தி காதுக்காகத்தான் ஊதியிருப்பாள். நான் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்போது அவன் அது ஒத்திகைதான், அக்காவைக் கேளுங்கள் என்று உங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பதாகச் சொன்னீர்கள். அது ஒத்திகை இல்லை. அவ்வளவுதான் உங்களுக்கு என்னிடமிருந்து தேவை என்பது எனக்குத் தெரியும்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொள்கிறீர்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, வீட்டில் பெரியவர்களிடம் பேசுவது போலப் பேசுகிறீர்கள்.

“டீச்சர், இவ்வளவும் வேண்டாம். விசில் சத்தம் சரியா புரியல, பழக்கதோஷத்துல ஒத்திகைன்னு போட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. தம்பி மேல கேஸ் நிக்கும், அதுக்கு அது போதும். உங்களுக்கு எதுவும் வராது. தெருவுக்கும் கெட்ட பேர் இல்ல. தப்பா காதுல விழுந்துடுச்சு, யாருக்கும் நடக்கறதுதானே.”

உங்களுக்கு நல்ல மனசு. அந்த ஒரு வார்த்தை என் நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நான் வீட்டுக்குப் போகலாம். டெய்லரம்மா சாப்பாடு வைத்திருப்பார். அவள் அம்மா நாளைக்கும் என் கையைப் பிடித்துக்கொள்வார்.

இல்லம்மா, அதை மட்டும் என்னால் சொல்ல முடியாது. நான் பொறுப்பேற்ற நாளிலிருந்து அந்தத் தெருவில் ஒரு சத்தத்தைக்கூட நான் தப்பாகக் கேட்டதில்லை. அன்றைக்கும் சரியாகத்தான் கேட்டேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.